காக்க வந்த திட்டம் ஊருக்கு என்ன செய்தது? மதுரைச் சுற்றுவட்டாரத்தில் களஆய்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கிய மறுவருஷம் அங்கே போயிருந்தேன். கரைமேல் நின்றால் உள்வாய் முழுக்க வெட்டவெளி. அந்தத் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர் ஒருவர் மடையைக் காட்டி, "இப்பத்தான் தம்பி கண்மா கண்மாயா இருக்கு" என்றார். முகத்தில் அத்தனை நிறைவு. அன்று சாயங்காலம் காலனித் தெருவில் ஒரு அக்கா, அடுப்புப் பக்கத்தில் கிடந்த நாலைந்து பனைமட்டையைக் காட்டினார். "முன்னாடி முள்ளு வெட்டிக் கட்டுக்கட்டா அடுக்கி வச்சிருப்போம். இப்ப மட்டைக்கு அலையிறோம் தம்பி." ஒரே கண்மாய், ஒரே உத்தரவு. இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

இந்த இரண்டு உண்மையையும் ஒரே நோட்டில், ஒரே அக்கறையோடு பதிவதற்கான வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். காட்டைக் காக்க, பறவையைக் காக்க, வெப்பத்தைக் குறைக்க என்று வருகிற திட்டங்கள் தேவையானவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றின் செலவை யார் சுமக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் பட்டா இல்லாதவர்கள். ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், கரிமூட்டம் போடுபவர். அவர்கள் பயன்படுத்திய நிலம் எந்தக் காகிதத்திலும் அவர்கள் பெயரில் இருப்பதில்லை. அதனால் இழந்ததும் எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை. திட்டம் வருவதற்கு முன்னால் அந்த நிலத்தை யார், எந்த மாதத்தில், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் செய்யும் எந்த ஆய்வும் பாதி ஆய்வுதான்.

கல்லூரி மாணவர்கள், முனைவர் பட்ட ஆய்வாளர்கள், தன் ஊரைப் பற்றித் தானே எழுத நினைக்கும் இளைஞர்கள் எல்லோரும் செய்யக்கூடிய வேலை இது.

முதல் படி: ஒரு உத்தரவு, ஒரு இடம்

"காலநிலைக் கொள்கைகளின் சமூக விளைவுகள்" என்று தலைப்பு வைத்தால் ஐந்து வருஷமானாலும் முடியாது. ஒரே ஒரு உத்தரவைப் பிடியுங்கள். அது இறங்கிய ஒன்றிரண்டு ஊர்களைப் பிடியுங்கள். மதுரையைச் சுற்றி அதற்குப் பஞ்சமே இல்லை.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 193 ஹெக்டேர். நத்தம் பக்கம் காசம்பட்டியில், அழகர்மலைக் காட்டை ஒட்டிய வீரகோயில் காடு 2025இல் இரண்டாவது தலமானது, பரப்பு 4.97 ஹெக்டேர்தான். மேற்கே, 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. வைகை பிறக்கும் மலையும் அதற்குள்தான் வருகிறது. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977இலிருந்து இருக்கிறது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் எழுந்தது. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக்கும் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கியது. அதன் நாற்றுகள் இறங்கும் இடங்களில் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது மேய்ச்சலுக்கென்று விட்ட அரசு நிலம், இருக்கிறதா என்று பார்ப்பதே ஒரு தனி ஆய்வு.

முதல்முறை செய்பவர்களுக்கு என் யோசனை: பேருந்தில் காலையில் போய் ராத்திரி திரும்பக்கூடிய ஊராகப் பாருங்கள். இந்த வேலையில் பத்து முறை போவதுதான் பலன் தரும். ஒரே வாரம் தங்கி முடித்துவிடலாம் என்ற கணக்கு இதற்கு ஒத்துவராது.

இரண்டாம் படி: காகிதத்தைப் படியுங்கள்

ஊருக்குப் போகும் முன் அரசாணை, அரசிதழ் அறிவிக்கை, நீதிமன்ற உத்தரவு என்று எது மூலமோ அதை முழுதாகப் படித்துவிடுங்கள். செய்தித்தாளில் வந்ததை நம்பி இறங்க வேண்டாம். உதாரணத்துக்கு, 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. முதல் செய்தியை மட்டும் படித்தவர் தேனி மலைமாட்டுக்காரரிடம் போய்த் தப்பான கேள்வியைக் கேட்பார்.

படிக்கும்போது சட்டம் மக்களுக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பல்லுயிர்ச் சட்டம், 2002இன் 37ஆவது பிரிவு, பாரம்பரியத் தல அறிவிப்பால் பொருளாதார ரீதியாகப் பாதிக்கப்படுவோருக்கு மாநில அரசு இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. வன உரிமைச் சட்டம், 2006 மேய்ச்சலையும் உரிமையாக ஏற்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், பழங்குடி அல்லாதவர்கள் 75 ஆண்டு, அதாவது மூன்று தலைமுறைச் சார்பைக் காட்ட வேண்டும். இந்த வாக்குகள் களத்தில் நிறைவேறினவா என்பதே உங்கள் ஆய்வின் முதுகெலும்பாகலாம்.

சட்டம் கேட்காத இடங்களையும் குறியுங்கள். சூரிய ஒளி மின் நிலையத்துக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படியான முன் அனுமதி தேவையில்லை. அதனால் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் இல்லை. நிலத்தைக் கையகப்படுத்தாமல் விலைக்கு வாங்கினால், 2013 நிலம் கையகச் சட்டம் சொல்கிற சமூகத் தாக்க மதிப்பீடும் நடக்காது. ஆகவே அங்கே "முன்பு எப்படி இருந்தது" என்பதற்கு அரசுக் கோப்பு எதையும் எதிர்பார்க்க முடியாது. அதை நீங்களே கட்டி எழுப்ப வேண்டும்.

அதற்குக் கை கொடுப்பவை வருவாய்த்துறை ஏடுகள். அ பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணும் நஞ்சையா, புஞ்சையா, மேய்க்காலா, கண்மாயா என்று இருக்கும். அடங்கலில் பசலி வாரியாகப் பயிர் இருக்கும். பசலி என்பது வருவாய்த்துறையின் ஆண்டுக் கணக்கு, ஜூலையில் தொடங்கும். ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் கிடைக்கும், 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. அடங்கலை அப்படியே நம்பிவிடாதீர்கள். தரிசு என்று எழுதிய புலத்தில் ஆட்டுக்கிடை கிடந்திருக்கும், அது அடங்கலில் ஏறாது. ஊராட்சியில், ஊரின் உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "எல்லா விவரமும் தருக" என்று கேட்டால் எதுவும் வராது. புல எண், பசலி, பதிவேட்டின் பெயர் மூன்றையும் போட்டுக் கேளுங்கள். என் முதல் மனுவுக்கு ஒரு வரிப் பதில்தான் வந்தது. இரண்டாவதில் பதிவேட்டின் பெயரைச் சரியாக எழுதியதும் நகல் கைக்கு வந்தது.

காப்புக்காடு, சரணாலயத்துக்குள் கால் வைக்க வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். அது வர மாதங்கள் ஆகலாம், முதல் நாளே விண்ணப்பித்துவிடுங்கள். அதுவரை காட்டை ஒட்டிய ஊர்களில் வேலை நிறைய இருக்கிறது.

மூன்றாம் படி: நடங்கள்

கேள்வித்தாள் தயாரிக்கும் முன் ஊரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து பாருங்கள். கண்மாய் என்றால் வரத்துக்கால் தொடங்கும் இடத்திலிருந்து, மிகுந்த தண்ணீர் வெளியேறும் கலுங்கு வரை. கூட வர, மடை திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டியை விடச் சிறந்த ஆள் கிடையாது. எந்த மடைக்கு எத்தனை ஏக்கர், எந்த வருஷம் மறுகால் போனது என்பதெல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்கும். இன்னொரு நாள் ஆடு மேய்க்கிறவரோடு நடங்கள். அதே நிலம் வேறு நிலமாகத் தெரியும். நீர்க்கட்டி தண்ணீரைப் பார்த்து நடப்பார், ஆட்டுக்காரர் மரத்தடியில் காய்ந்து விழும் நெற்றையும் நிழலையும் பார்த்து நடப்பார். மூன்றாவது முறை விறகுக்குப் போகும் பெண்களோடு போங்கள்.

மூன்று நடையின் வழித்தடத்தையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். உங்கள் கேள்விகள் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

நான்காம் படி: மாதக் கணக்கு

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். ஒரு பெரிய தாளில் சித்திரையிலிருந்து பங்குனி வரை பன்னிரண்டு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் அந்த நிலத்திலிருந்து யாருக்கு என்ன கிடைத்தது என்று, திட்டத்துக்கு முன் ஒரு தாள், பின் ஒரு தாள்.

சீமைக் கருவேலத்தையே எடுத்துக்கொள்வோம். அது தண்ணீரை உறிஞ்சும், கண்மாயை அடைக்கும், வேறு எதையும் வளரவிடாது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. மாதக் கணக்குப் போட்டால் இன்னொரு பக்கமும் தெரியும். கோடையில் புல் காய்ந்து கிடக்கும்போது ஆட்டுக்கு அதன் நெற்றுதான் தீனி. வயல் வேலை இல்லாத மாதங்களில் மரம் வெட்டுக் கூலி. ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம். மூட்டம் போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். விறகைக் குவித்து அடுக்கி, சருகும் வைக்கோலும் பரப்பி, மேலே ஈரமண் பூசி, அடியில் தீ வைக்கிறார்கள். உள்ளே பல நாள் கனன்று கொண்டே இருக்கும். எங்காவது மண் வெடித்துக் காற்றுப் போனால் அத்தனையும் சாம்பல்தான். அதனால் ராத்திரியெல்லாம் ஒருவர் விழித்திருந்து, புகை கிளம்பும் இடத்தில் மண்ணை அப்பிக்கொண்டே இருக்கிறார். வெட்டியவர், மூட்டம் பார்த்தவர், மூட்டை கட்டியவர், லாரி ஏற்றியவர், வியாபாரி என்று அந்த ஒரு மூட்டத்திலிருந்து எத்தனை வீட்டுக்குக் காசு போகிறது என்பதை அங்கே உட்கார்ந்துதான் எண்ண முடியும்.

இந்த மரம் போக வேண்டியதுதான் என்பது என் கருத்து. ஆனால் போகும்போது கோடை மாதக் கட்டங்கள் யார் வீட்டில் காலியாகின்றன, அந்த இடத்தில் எது வந்து உட்கார்ந்தது என்பதை எழுதியாக வேண்டும். நூறு நாள் வேலையா, திருப்பூர்ப் பயணமா, வட்டிக் கடனா?

சூரிய மின் நிலையத்துக்கும் இதே தாள்தான். அறுவடை முடிந்த தை, மாசியில், ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகும் கீதாரிகள் கிடை ஓட்டி வருவார்கள். ராத்திரி வயலில் ஆட்டை அமர்த்தினால் நிலத்துக்கு எரு, கீதாரிக்குக் கூலி. வேலி வந்த பிறகு பாதை எப்படித் திரும்பியது? எத்தனை நாள் நடை கூடியது? எரு வராத வயலுக்கு இப்போது எத்தனை மூட்டை உரம் போகிறது? நிலத்தை விற்றவரிடம் மட்டும் கேட்டால் இதில் ஒரு கேள்விக்கும் விடை வராது, ஏனென்றால் கீதாரி அந்த ஊர்க்காரரே இல்லை. வேறு மாவட்டத்திலிருந்து வந்து போகிறவர்களை எந்த வீட்டுக் கணக்கெடுப்பும் பிடிக்காது. கிடை கிடக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

வருஷம் நினைவில்லை என்பார்கள். "எத்தனையாவது வருஷம்" என்று கேட்காதீர்கள். எம்.ஜி.ஆர். இறந்தது, 1993 வைகை வெள்ளம், ஜல்லிக்கட்டுப் போராட்டம், கொரோனா. இவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் சரியாக வந்து நிற்கும்.

ஐந்தாம் படி: அது மட்டும்தான் காரணமா?

ஆய்வுகள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். 2017 தொடக்கத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தன் எல்லைக்குட்பட்ட 13 மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னது. சில மாதங்களிலேயே, சூழல் விளைவை ஆராயாமல் அகற்றலாமா என்ற வழக்கில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. இதன் விளைவை ஆராய நினைக்கும் ஒருவர், வெட்டுவதற்கு முன் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஒப்பிட்டால் என்ன ஆகும்? 2016இல் வடகிழக்குப் பருவமழை படுமோசமாகப் பொய்த்தது. அந்த "முன்பு" ஒரு வறட்சி ஆண்டு. 2017இல்தான் நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்தும் மறுபடி தொடங்கிப் பல கண்மாய்களில் தூர் எடுத்தார்கள். 2021இல் வழக்கத்துக்கு மேல் மழை. ஆக, கிணறு ஊறியதற்கு மரம் போனது காரணமா, தூர் எடுத்தது காரணமா, மழையா? முன்பின் ஒப்பீடு மட்டும் இதற்குப் பதில் சொல்லாது.

அதற்காகத்தான் ஒப்பீட்டு ஊர் வேண்டும். மரம் அகற்றாத, மற்றபடி அதே மாதிரியான ஒரு கண்மாய். "அதே மாதிரி" என்பதில் நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியது பாசனம். மேலூர்ப் பகுதியில் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வரும் கண்மாயும் உண்டு, மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் கண்மாயும் உண்டு. 1895இல் பெரியாறு அணை வந்த பிறகு இந்த இரண்டின் வரலாறும் பிரிந்துவிட்டது. ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்த்தால் கால்வாயின் விளைவைத்தான் அளப்பீர்கள். ஆயக்கட்டின் அளவு, மண், சாலைத் தூரம், நிலம் உள்ளவர் இல்லாதவர் விகிதம் இவையும் ஓரளவு ஒத்துப்போக வேண்டும். நூற்றுக்கு நூறு பொருந்தும் ஊர் கிடைக்காது. எதில் ஒத்திருக்கிறது, எதில் இல்லை என்று வெளிப்படையாக எழுதினால் படிப்பவர் எடைபோட்டுக்கொள்வார்.

திட்டத்தின் எல்லைக்கோட்டுக்குள் மட்டும் விளைவைத் தேடாதீர்கள் என்பதற்கு அரிட்டாபட்டி நல்ல பாடம். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்த செய்தி வந்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர், பாரம்பரியத் தலமும் அதற்குள் வந்தது. அறிவிக்கை தன்னளவில் ஏலத்தைத் தடுக்கவில்லை. ஊர்கள் திரண்டன, டிசம்பர் 9இல் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 7இல் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்தார்கள், அந்த மாதம் 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இந்தப் போராட்டத்தில் பாரம்பரியத் தலம் என்ற சொல் மக்கள் கையில் ஒரு பிடியாக இருந்தது. 193 ஹெக்டேருக்குள் பறவையை எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தால், ஒரு கொள்கையின் இத்தனை பெரிய விளைவு கண்ணில் படாமலே போகும்.

ஆறாம் படி: இயற்கையை அளப்பது

சமூகத்தைப் படிப்பவர்கள் இதற்குப் பயப்படுகிறார்கள். தேவையில்லை. கிணற்றுக்கு ஒரு கயிறு போதும். ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் கல். ஒவ்வொரு மாதமும் அதே தேதியில், மோட்டார் போடுவதற்கு முன் விடிகாலையில், அதே கல்விளிம்பிலிருந்து இறக்குங்கள். முடிச்சுகளின் இடைவெளியை டேப்பில் அளந்து முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். கண்மாயில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எந்தெந்த மடை ஓடியது என்பதும் நல்ல அளவுகள்தான்.

மரத்துக்குப் பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம். உள்ளே என்னென்ன இனம், எத்தனை, எவ்வளவு பருமன். நட்ட நாற்று என்றால் நட்டது எத்தனை என்பதை விட மூன்றாம் கோடையில் உயிரோடு நிற்பது எத்தனை என்று எண்ணுங்கள். பறவைக்குக் காலையில், அதே இடங்களில், அதே நேர அளவுக்கு நின்று எண்ண வேண்டும். வலசை வரும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும், கோடையிலும். இனம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். மதுரையில் பறவை பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை.

செயற்கைக்கோள் படம் உதவும், ஏமாற்றவும் செய்யும். லேண்ட்சாட் படங்கள் 1970களிலிருந்தும், பத்து மீட்டர் துல்லியத்தில் சென்டினல் 2015இலிருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் இந்திய வன நிலை அறிக்கையின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் மர விதானம் இருந்தாலே அது காட்டுப் பரப்பு, என்ன மரம், யார் நிலம் என்ற பேச்சே இல்லை. தென்னந்தோப்பும் சேரும், அடர்ந்த சீமைக் கருவேலமும் சேரும். கருவேலத்தை வெட்டிக் கண்மாயைத் திறந்தால் படத்தில் பச்சை குறையும். மேய்க்காலில் ஒரே இன மரத்தை நெருக்கி நட்டால் பச்சை கூடும். எனவே கண்மாய்ப் பக்கத்துப் படங்களை மழைக்கு முன் ஒன்று, அறுவடைக்குப் பின் ஒன்று என்று ஒரே மாதங்களில் எடுத்து, தரையில் போய்ப் பார்த்த பிறகே பேசுங்கள். மேய்ச்சல் வெளியும் உயிருள்ள நிலம்தான். அதை வெறும் தரிசு என்று குறிப்பது வெள்ளைக்காரன் காலத்து வரி ஏட்டின் பார்வை.

ஏழாம் படி: பேசுவது

"சீமைக் கருவேலம் அகற்றப்பட்டதால் உங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டதா?" இந்தக் கேள்விக்கு "ஆமா" என்பார்கள், அல்லது உங்கள் முகத்தைப் பார்த்து "இல்லை" என்பார்கள். இரண்டும் பயன்படாது. "போன கார்த்திகையில அடுப்புக்கு என்னக்கா எரிச்சீங்க? அதை எங்க போயி எடுத்துட்டு வந்தீங்க?" என்று கேளுங்கள். இடம், நேரம், அளவு, கூட யார் வந்தார் எல்லாம் தானாக வரும். திட்டத்தின் பெயரை நாமாக முதலில் எடுக்கவே கூடாது. அவர்கள் பேச்சில் அது வருகிறதா, எந்த இடத்தில் வருகிறது என்பதும் ஒரு தரவு.

எங்கே உட்கார்கிறோம் என்பது முக்கியம். மந்தையிலோ சாவடியிலோ உட்கார்ந்தால் ஊர்ப் பெரியவர்கள் பேசுவார்கள். ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள் பேசுவார்கள். காலனியிலிருந்து வருகிறவர் ஓரமாக நிற்பார், பெண்கள் வரவே மாட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கும் போகத்தான் வேண்டும், போகாவிட்டால் ஊருக்குள் நுழைய முடியாது. ஆனால் அதையே ஊரின் குரல் என்று எழுதிவிடாதீர்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் நிழலில் ஓய்வெடுக்கும் நேரம், ரேஷன் கடை வாசல், ஆடு தண்ணீர் குடிக்கும் மதிய நேரம், இங்கெல்லாம் வேறு பேச்சு கேட்கும். வந்த முதல் நாள் யார் வீட்டில் டீ குடித்தீர்கள் என்பதை ஊர் பார்க்கும். எல்லாத் தெருவிலும் குடியுங்கள்.

கண்மாய் என்றால் மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது, பற்றிக் கேட்க மறக்காதீர்கள். யார் எடுத்தார், பணம் எங்கே போனது, கோயில் திருவிழாவுக்கா, ஊராட்சிக்கா? மரம் போய்த் தண்ணீர் நின்றால் மீன் கூடும், அந்தக் காசு விறகு இழந்த வீட்டுக்கு ஒரு ரூபாயாவது வந்ததா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இழப்பை மட்டும் தேடிப் போகாதீர்கள். வேட்டங்குடியில் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு மக்கள் வெடி போடுவதில்லை. யாரும் அபராதம் போட்டு வந்த பழக்கமில்லை. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்கிறார்கள், பறவை வந்தால் மழை நல்லது என்கிறார்கள். சட்டத்தை விடப் பிடிப்பான இந்த உறவு எப்படி உண்டாயிற்று, வெளியூரில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் அது நிற்கிறதா என்று உட்கார்ந்து கேட்கலாம்.

எட்டாம் படி: யாருக்கும் கேடு வராமல்

வருஷநாட்டு மலைகளில் இலவம் பஞ்சு, முந்திரி என்று தலைமுறையாகப் பயிர் செய்பவர்கள் இருக்கிறார்கள். பட்டா இல்லை, வனத்துறையின் கணக்கில் ஆக்கிரமிப்பு. பளியர் பழங்குடியினர் தேன் எடுக்கும் பாறைகள் இருக்கின்றன. நீங்கள் பதியும் ஒரு இருப்பிடக் குறி ஒருவர் மேல் வழக்காக மாறலாம். பெயர், புல எண், முகம் தெரியும் படம் எதையும் குறிப்பேட்டில்கூட ஒன்றாக வைக்காதீர்கள். குறியீட்டு எண் ஒரு நோட்டில், பெயர் வேறு நோட்டில், அதுவும் வீட்டில். தேன்பாறை, கழுகுக் கூடு, மருந்துச்செடி இருக்கும் இடங்களை அச்சில் காட்டவே வேண்டாம்.

ஒப்புதலைத் தமிழில், வாயால் கேளுங்கள். கைநாட்டு வாங்குவது நம் ஊரில் பயத்தைத்தான் உண்டாக்கும். கடன் பத்திரத்தின் ஞாபகம் அது. உங்கள் கல்லூரியின் நெறிக்குழு எழுத்தில்தான் வேண்டும் என்றால், வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்ய முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். அரைநாள் ஒருவரை உட்கார வைத்தால் அவர் கூலி போகிறது. அதைக் கொடுத்துவிடுவதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். காசுக்காகப் பேசுவார்கள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

"நீங்க எழுதினா எங்களுக்குப் பட்டா கிடைக்குமா தம்பி?" என்று கட்டாயம் கேட்பார்கள். கிடைக்காது என்று அப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: சேர்த்து வைத்துப் பார்ப்பது

ஏடு சொன்னது, படம் சொன்னது, மனிதர்கள் சொன்னது, நீங்களே அளந்தது. நான்கையும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக வையுங்கள். நான்கும் ஒத்துப்போகும் வரிகள் எளிதாக எழுதப்படும். முரண்படும் வரிகளில்தான் விஷயம் இருக்கும். அடங்கல் தரிசு என்கிறது, படம் மாசியில் பச்சை என்கிறது, ஊர் அங்கே கிடை கிடந்தது என்கிறது. அந்த மாதிரி ஒரு வரிக்காக இன்னொரு முறை பேருந்து ஏறுங்கள்.

சராசரியை மட்டும் எழுதாதீர்கள். ஊர் வருமானம் கூடியது என்ற ஒரு வாக்கியத்துக்குள் பத்து வீட்டுக்குக் கூடி முப்பது வீட்டுக்குக் குறைந்தது ஒளிந்திருக்கலாம். நிலமுள்ளவர், குத்தகைக்காரர், கூலிக்காரர், கால்நடை மட்டும் வைத்திருப்பவர் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆண், பெண் என்று தனித்தனியாகக் காட்டுங்கள். உங்களால் நிறுவ முடியாததை நிறுவ முடியவில்லை என்றே எழுதுங்கள்.

காலம் எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். ஒரு கண்மாயைப் புரிந்துகொள்ள ஒரு முழுச் சுற்று வேண்டும். ஆவணியில் தொடங்கினால் மழைக்கு முந்திய காய்ச்சலைப் பார்க்கலாம், ஐப்பசியில் வரத்து, தையில் அறுப்பு, சித்திரையில் வறண்ட உள்வாய். இரண்டு சுற்று கிடைத்தால் இன்னும் நல்லது, இரண்டு மழை ஒரே மாதிரி இருப்பதில்லை.

பத்தாம் படி: ஊரில் படித்துக் காட்டுவது

அச்சுக்குப் போகும் முன் ஊருக்குக் கொண்டு போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. ஊராட்சி அலுவலகத்தில் முன்பே சொல்லி வைத்தால் பத்து நிமிஷம் கிடைக்கும். அங்கே பெயர் இல்லாத பொதுக் கணக்கை மட்டும் படியுங்கள். தெருவாரியான விவரங்களை அந்தந்தத் தெருவில் தனியாக உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.

மேலூர்ப் பக்கத்து அந்தக் கண்மாயின் மாதத் தாளை நான் அப்படி விரித்தபோது, பனைமட்டை காட்டிய அக்காவின் மாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "ஆடிய ஏன்ப்பு வெறுமனே விட்டிருக்க?" என்று கேட்டார். ஆடிக் காற்றில் ஒடிந்து விழும் சுள்ளியை யாரும் வெட்டாமலே பொறுக்குவார்களாம், அதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்களாம். அறுபது வீட்டில் கேட்டு எனக்குக் கிடைக்காத வரி. பேனாவை வாங்கி அவர் பேத்தியே அந்தக் கட்டத்தில் எழுதினாள்.

தாளின் ஒரு நகலைப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்தேன். முடிச்சுப் போட்ட கயிறு நீர்க்கட்டியிடம் இருக்கிறது. மாதம் ஒன்றாம் தேதி இறக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை முடிச்சு நனைந்தது என்று போனில் சொல்கிறார்.